ஃப்ளை ஃபிஷிங் பழகப் போறீங்களா? பெட்டியில் ஆறு வகை ‘ஈ’ போதும்!

இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கு. ஏப்ரல் மாதத்தின் ஒரு காலை நேரம். பெங்களூருவில் வேலை பார்க்கும் இரண்டு தமிழ் இளைஞர்கள் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் வாடகைக்கு எடுத்த தூண்டில் கம்பு. இன்னொருவர் கையில் ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி. அதில் 60 செயற்கை ஈக்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, மினுமினுப்பு என்று கல்யாண வீட்டு சீரியல் லைட் போல இருக்கிறது பெட்டி.

“மச்சான், இதுவும் ஒர்க் ஆகல. அந்த ஆரஞ்சு கலரை எடுடா.”

“அதைத்தான் காலையிலேயே போட்டோமே!”

இரண்டு மணி நேரத்தில் இது பன்னிரண்டாவது ஈ. மீன் ஒன்றும் சிக்கவில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர் வழிகாட்டி மெல்ல எழுந்து வருகிறார். “சார், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மூடி வைங்க. முதல்ல இந்தக் கல்லைத் திருப்பிப் பாருங்க” என்று இந்தியில் சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு உருண்டைக் கல்லை எடுத்துத் திருப்புகிறார். அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில், நகத்தை விடச் சிறிய பூச்சிகள் நாலைந்து ஊர்கின்றன.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் முதல்முறை ஃப்ளை ஃபிஷிங் போகும் பலரும் செய்யும் தவறு இதுதான். கடையில் எந்த ஈ அழகாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆற்றில் மீன் எதைச் சாப்பிடுகிறது என்று பார்ப்பதில்லை. மூன்று நாள் லீவு, விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் போட்டுப் போகிறவருக்கு இந்த ஒரு தவறு மொத்தப் பயணத்தையே வீணாக்கிவிடும்.

சரி, புதிதாகத் தொடங்குபவர் எந்த ஈயை வாங்க வேண்டும்? எத்தனை வாங்க வேண்டும்? ஆற்றில் இறங்கிய பிறகு எதை எப்போது கட்ட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாதாரணத் தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊர்க் குளத்தில் தூண்டில் போடுபவர் முள்ளில் மண்புழுவைக் கோர்ப்பார். தங்கூஸ் நரம்பில் ஒரு தக்கையும், சின்ன ஈயக்குண்டும் இருக்கும். வீசும்போது அந்தக் குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்.

ஃப்ளை ஃபிஷிங்கில் கதை தலைகீழ். முள்ளில் கட்டியிருக்கும் செயற்கை ஈக்கு எடை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. அதைத் தனியாக எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் எடையை நூலுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃப்ளை லைன் எனப்படும் தடித்த, வண்ண நூலை முன்னும் பின்னும் வீசும்போது, அந்த நூல் ஈயைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் மெதுவாக வைக்கும். தடித்த நூலுக்கும் ஈக்கும் நடுவில், நுனிக்குப் போகப்போக மெலிந்துகொண்டே போகும் நரம்பு இருக்கும். அதற்கு லீடர் என்று பெயர். அதன் கடைசி மெல்லிய பகுதி டிப்பெட்.

செயற்கை ஈ என்பது, முள்ளின் மேல் இறகு, ரோமம், நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, பூச்சி போலத் தோன்றச் செய்வது. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவில் ஆற்று மீனைப் பிடிக்க முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு கட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு மீன்பிடி நூல் 12 வகை ஈக்களைப் பட்டியலிட்டது. இன்று இருக்கும் வகைகளோ ஆயிரக்கணக்கில். புதியவர் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை.

இந்திய ஆற்றில் வெளிநாட்டு ஈ எடுபடுமா?

நியாயமான கேள்வி. ஃப்ளை பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்த வடிவங்கள். அவற்றை இமயமலை மீன் மதிக்குமா?

முதல் விஷயம், அந்த மீனே வெளிநாட்டு வரவுதான். பிரவுன் ட்ரவுட் ஐரோப்பிய மீன். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்த முட்டைகள் காஷ்மீரில் வெற்றிகரமாக வளர்க்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பப்பட்டவை வழியிலேயே அழிந்துவிட்டன. பிறகு 1909-இல் காஷ்மீரிலிருந்து குலு பகுதிக்கு ட்ரவுட் வந்தது. இன்று பியாஸ், தீர்த்தன், சைஞ்ச் ஆறுகளில் இருப்பது அந்தப் பரம்பரைதான்.

நம் நீலகிரியிலும் இதே கதை உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் ரெயின்போ ட்ரவுட் மலை ஓடைகளில் விடப்பட்டது. அவலாஞ்சியில் அதற்காகவே குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி நீரோடைகளிலும் ஆங்கிலேயர்கள் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். குளிர்ந்த, ஓடும் நீரில் வாழும் பூச்சிகளின் பெரிய குடும்பங்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சிகனிலும் குலுவிலும் அவை ஒரே இனமாக இருக்காது. ஆனால் வடிவம், அளவு, வாழும் முறை எல்லாம் ரொம்பவே நெருக்கம். மீன் பூச்சியியல் படித்துவிட்டு வருவதில்லை. சாப்பாடு மாதிரி இருக்கிறதா, சாப்பாடு மாதிரி வருகிறதா என்று மட்டும் பார்க்கும்.

மீனின் மெனு கார்டு

ட்ரவுட் சாப்பிடும் பூச்சிகளில் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு கூட்டம்தான்.

மேஃப்ளை: இளம் பருவம் தண்ணீருக்கு அடியில், கல்லின் கீழே கழியும். இந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். பெரும்பாலும் மூன்று வால் இருக்கும். வளர்ந்ததும் மேலே வந்து, தோலை உரித்து, சிறகு விரித்துப் பறக்கும். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. சில மணி நேரமோ, ஓரிரு நாளோதான் ஆயுள். தண்ணீரில் உட்காரும்போது சிறகை நேராக மேலே நிறுத்தி வைத்திருக்கும். பார்த்தால் குட்டிப் பாய்மரப் படகு போல இருக்கும்.

கேடிஸ்: இதன் புழு மணலையும் சிறு கற்களையும் ஒட்டி, தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டிக்கொள்ளும். சில வகைகள் வீடு கட்டாமல் வலை பின்னும். சிறகு முளைத்த பூச்சி, முதுகின் மேல் கூடாரம் போல சிறகை மடித்து உட்காரும்.

ஸ்டோன்ஃப்ளை: இரண்டு வால். சுத்தமான, வேகமான நீரில் இருக்கும். சிறகு முளைக்கும் நேரம் வந்தால் பெரும்பாலும் கரைக்கு ஊர்ந்து வந்து கல்லின் மேல் தோலை உரிக்கும்.

மிட்ஜ்: பார்க்கக் கொசு போல இருக்கும், கடிக்காது. ரொம்பச் சிறியது. குளிர்காலத்திலும் இருக்கும்.

இவை தவிர, காற்றில் தவறி விழும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி எல்லாம் போனஸ். கொஞ்சம் வளர்ந்த ட்ரவுட் சிறு மீன்களையும் விழுங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பூச்சிகள் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் கழிக்கின்றன. சிறகோடு மேலே வருவது கடைசி அத்தியாயம் மட்டும். அதனால் ட்ரவுட்டின் சாப்பாட்டிலும் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான் கிடைக்கிறது. விளம்பர வீடியோக்களில் மீன் மேலே துள்ளி ஈயைக் கவ்வும். பார்க்க அழகுதான். ஆனால் நாள் முழுக்க அப்படி நடக்காது.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஈயைத் தேர்வு செய்ய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆழம், அடுத்து அளவு, பிறகு வடிவம், கடைசியாக நிறம். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆழம்: மீன் இப்போது எந்த மட்டத்தில் சாப்பிடுகிறது? நீர்ப்பரப்பில் வளையங்கள் தெரிந்து, மீனின் மூக்கும் தெரிந்தால் அது மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. அப்போது மிதக்கும் ஈ, அதாவது டிரை ஃப்ளை. மூக்கு தெரியாமல் முதுகு மட்டும் லேசாகப் புரண்டால், மேலே வந்துகொண்டிருக்கும் பூச்சியை நீர்ப்பரப்புக்குக் கொஞ்சம் கீழேயே பிடிக்கிறது. ஒன்றுமே தெரியவில்லையா? அடியில் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொண்டு நிம்ஃப் கட்டுங்கள். டவுட் இருந்தால் நிம்ஃப் என்பதே புதியவருக்குப் பாதுகாப்பான விதி.

அளவு: கல்லுக்கு அடியில் பார்த்த பூச்சியின் நீளம் என்ன? அதே அளவு ஈயை எடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு அளவு சிறியதைக் கட்டுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் மீன் ஏமாறும். இரண்டு மடங்கு பெரிய பூச்சி மிதந்து வந்தால் பெரும்பாலும் விலகிப் போகும்.

வடிவம்: நிற்கும் சிறகா, கூடாரச் சிறகா, சிறகே இல்லாத புழுவா? மீனுக்குத் தெரிவது பூச்சியின் நிழலுருவம்தான்.

நிறம் ஏன் கடைசி? இதற்கு ஒரு இயற்பியல் காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி விலகலால் அந்த ஜன்னலின் கோணம் சுமார் 97 பாகை. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 2.3 மீட்டர். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி ஆற்றின் அடிப்பகுதியைத்தான் பிரதிபலிக்கும். மிதக்கும் ஈ இந்த ஜன்னலுக்குள் வரும்போது பின்னால் பிரகாசமான வானம் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த பொருள் போல, ஈயின் உருவமும், நீர்ப்பரப்பில் அதன் கால்கள் பதிந்த புள்ளிகளும்தான் முதலில் தெரியும். முதுகில் என்ன கலர் நூல் சுற்றியிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிற அளவுக்கு மீனுக்குத் தெரியாது.

அதனால் கடையில் ஈ வாங்கும்போது ஒரு எளிய சோதனை செய்து பாருங்கள். ஈயைத் தலைக்கு மேல் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடியிலிருந்து பாருங்கள். மீன் பார்ப்பது அதைத்தான்.

எண் கூடினால் அளவு குறையும்!

ஈ வாங்கும்போது புதியவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம் முள்ளின் எண். 12, 14, 16, 18 என்று பெரும்பாலும் இரட்டைப்படையில் வரும். எண் கூடக்கூட முள் சிறியதாகும். 8-ஆம் எண் பெரியது. 14-ஆம் எண் ஈ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கும். 20-ஆம் எண் அரிசி மணியை விடச் சிறியது. புதியவருக்கு 12 முதல் 16 வரை போதும். அதற்கும் சிறியதில் நரம்பைக் கோர்ப்பதற்குள் பொழுது போய்விடும்.

டிப்பெட் நரம்புக்கும் இதே தலைகீழ்க் கணக்குதான். 3எக்ஸ் தடிமன், 6எக்ஸ் மெல்லியது. ஈயின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய சரியான டிப்பெட் கிடைக்கும். 12-ஆம் எண் ஈ என்றால் 4எக்ஸ். 16-ஆம் எண் என்றால் 5எக்ஸ். 5எக்ஸ் நரம்பின் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். தடித்த நரம்பில் சின்ன ஈயைக் கட்டினால் அது கம்பியில் கட்டிய பொம்மை போல விறைத்துக்கொண்டு போகும். மீன் சீண்டாது.

சரி, எந்த ஆறு?

கீழே உள்ள ஆறு வகையும் உலகம் முழுக்கப் பழகியவை, எளிதாகக் கிடைப்பவை. ஏதோ ஒரு பூச்சியை மட்டும் அச்சு அசலாக நகல் எடுக்காமல், பல பூச்சிகளைப் பொதுவாக நினைவூட்டுபவை. புதியவருக்கு வேண்டியதும் அதுதான்.

1. பாராசூட் ஆடம்ஸ் (14, 16): மிதக்கும் ஈ. இதன் மூல வடிவமான ஆடம்ஸ், 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே கட்டியது. சாம்பல் உடம்பும், பழுப்பும் சாம்பலும் கலந்த இறகும் கொண்டது. மேஃப்ளை போலவும் தெரியும், மிட்ஜ் போலவும் தெரியும். பாராசூட் வகையில் நடுவில் ஒரு வெள்ளைக் குடுமி நிற்கும். அது உங்களுக்காக. ஓடும் நீரில் ஈ எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

2. எல்க் ஹேர் கேடிஸ் (14, 16): இதுவும் மிதப்பது. அல் ட்ராத் 1957-இல் உருவாக்கியது. எல்க் மானின் ரோமத்தைக் கூடாரம் போலக் கட்டியிருப்பார்கள். நன்றாக மிதக்கும் என்பதால் நுரைத்து ஓடும் மலை ஆற்றுக்குச் சரியான தேர்வு.

3. ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (14, 16): இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் செம்புக் கம்பியும் மட்டுமே. நூலுக்குப் பதிலாகவே கம்பியைப் பயன்படுத்தினார். கட்டவும் ஆச்சு, எடைக்கும் ஆச்சு. மேஃப்ளை நிம்ஃப் போல ஒல்லியாக இருக்கும். தலையில் உலோக மணி வைத்த வகையை வாங்கினால் சீக்கிரம் மூழ்கும்.

4. ஹேர்ஸ் இயர் நிம்ஃப் (12, 14): காட்டு முயலின் முகத்து ரோமத்தில் கட்டுவது. பார்க்கப் பரட்டையாக, ‘இதையா காசு கொடுத்து வாங்கினோம்’ என்று தோன்றும். அந்தப் பரட்டைதான் தண்ணீரில் கால் போலவும் செவுள் போலவும் அசையும். கொஞ்சம் தடித்த நிம்ஃப், கேடிஸ் புழு, சிறு ஸ்டோன்ஃப்ளை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே பொருந்தும்.

5. உல்லி பக்கர் (8, 10, கறுப்பு அல்லது ஆலிவ் பச்சை): பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸிங் 1967-இல் உருவாக்கியது. மென்மையான இறகு வால், தண்ணீரில் மூச்சு விடுவது போல அலையும். சிறு மீன், அட்டை என்று மீன் எதை நினைத்தாலும் சரி. தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருக்கும்போது எடுங்கள். இதை மட்டும் மிதக்க விடாமல், கையால் சிறிது சிறிதாக இழுத்து உயிர் கொடுக்க வேண்டும்.

6. கறுப்பு எறும்பு அல்லது வண்டு (14): மழைக்குப் பிறகு கரையில் புல் வளர்ந்திருக்கும் நாட்களுக்கு. கரையோரம், மரக்கிளைகளுக்குக் கீழே போடுங்கள்.

ஒவ்வொன்றிலும் மூன்று வாங்கினால் மொத்தம் 18. ஏன் மூன்று? ஒன்று மரத்துக்கு, ஒன்று பாறைக்கு, ஒன்று மீனுக்கு! சிரிப்புக்குச் சொன்னாலும் முதல் பயணத்தில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஒரே ஈயை மட்டும் வைத்துக்கொண்டு, அது கிளையில் மாட்டிவிட்டால், அன்றைய நாள் முடிந்தது.

60 ஈ செட்டை விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கலாமா? வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். முள் கூராக இருக்கிறதா? கட்டுநூல் தலைப்பகுதியில் இறுக்கமாக முடிந்திருக்கிறதா? நகத்தால் லேசாகத் தள்ளினாலே இறகு சுழன்றால், அது இரண்டாவது வீச்சில் பிரிந்துவிடும். முள் வளைந்துகொடுத்தால், கிடைத்த ஒரே மீனும் போய்விடும்.

மீன் கடிக்கவில்லை. ஈயை மாற்றட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். அதுதான் கடைசி வேலை.

முதலில் ஈ போகும் விதத்தைப் பாருங்கள். உண்மையான பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே போகும். உங்கள் ஈயோ நூலில் கட்டப்பட்டது. நடுவில் இருக்கும் வேகமான நீர் நூலை இழுத்தால், ஈ படகு மாதிரி கோடு போட்டுக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது. நூலை மேல்நீர்ப் பக்கமாகத் தூக்கிப் போட்டு, ஈ இயல்பாக மிதக்கும்படி செய்யுங்கள். சரியாக மிதக்கும் சுமாரான ஈ, தப்பாக இழுபடும் அருமையான ஈயை ஜெயித்துவிடும்.

இரண்டாவதாக ஆழம். நிம்ஃப் போடும்போது, நம் ஊர்த் தக்கை போல ஒரு சின்ன மிதவையை நரம்பில் மாட்டுவார்கள். தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் ஈ தொங்குவது தொடக்கக் கணக்கு. அவ்வப்போது அடியில் உள்ள கல்லில் உரச வேண்டும். ஒருமுறைகூட உரசவில்லை என்றால் ஈ மீனின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாவதாக அளவு. அதே ஈயில் ஒரு எண் சிறியதைக் கட்டிப் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகுதான் வேறு வகைக்குப் போக வேண்டும்.

காட்சியில் வந்த அந்த இரண்டு நண்பர்களின் பிரச்சினையும் இதுதான். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு ஈ என்றால், ஒரு ஈக்குப் பத்து நிமிடம். அதில் பாதி முடிச்சுப் போடுவதிலேயே போயிருக்கும். ஈ தண்ணீரில் இருந்தால்தானே மீன் பார்க்கும்?

ஆறே சொல்லும் அடையாளங்கள்

ஆற்றுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் கம்பைத் தொடாதீர்கள். கரையோரக் கற்களைத் திருப்பிப் பாருங்கள். பார்த்த பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கமாக வையுங்கள். அது சில நூறு பூச்சிகளின் வீடு. பாலத்தின் ஓரத்துச் சிலந்தி வலையைப் பாருங்கள். நேற்று மாலை என்ன பூச்சி பறந்தது என்று அதில் இருக்கும். கரைப் பாறையில் காய்ந்த பூச்சித் தோல் ஒட்டியிருந்தால் ஸ்டோன்ஃப்ளை வெளிவந்திருக்கிறது.

பருவமும் முக்கியம். இமாச்சலில் மார்ச் முதல் ஜூன் வரையும், மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஆறு கலங்கி, வேகமாக ஓடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் இனப்பெருக்கக் காலம் என்பதால் பிடிக்கத் தடை. மற்ற மாதங்களிலும் மாநில மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். எத்தனை மீன், எவ்வளவு நீளம், எந்தப் பகுதி என்பதற்கெல்லாம் விதி உண்டு. உரிமம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரி ஓடைகளுக்கும் முன் அனுமதி இல்லாமல் கம்போடு போய் நிற்க வேண்டாம்.

மலை ஆற்றில் நீர்மட்டம் திடீரென்று ஏறலாம். மேலே மழை பெய்தாலோ, அணையில் நீர் திறந்தாலோ கீழே நிற்பவருக்கு எச்சரிக்கைக்கு நேரம் இருக்காது. நீர் கலங்குவது, குச்சியும் இலையும் மிதந்து வருவது தெரிந்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் உடனே கரையேறுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு வேலை

ஒவ்வொரு முள்ளின் கூர்முனைக்குப் பக்கத்திலும், பின்னோக்கி ஒரு சிறு கூர் இருக்கும். மீன் கழன்று போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஒரு சிறு கொறடால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அந்தக் கூர் இல்லாத முள் என்றே கேட்டும் வாங்கலாம்.

சில மீன்கள் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் அளவு குறைந்த மீனைத் திரும்ப விட்டே ஆக வேண்டும். கூர் இல்லாத முள்ளை ஒரு நொடியில் கழற்றிவிடலாம். மீனின் வாய் கிழியாது. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். காய்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பான பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடும். முடிந்தவரை தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். செல்ஃபிக்காக நீண்ட நேரம் தூக்கிப் பிடித்த மீன், விட்டதும் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிழைக்கும் என்று உறுதி இல்லை.

இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. புதியவர் வீசும்போது அதே முள் சொந்தக் காதிலோ, பக்கத்தில் நிற்கும் நண்பரின் சட்டையிலோ மாட்டுவது சகஜம். கூர் நசுக்கிய முள் என்றால் சிரித்துக்கொண்டே கழற்றலாம். இல்லையென்றால் மலையிறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

மீண்டும் தீர்த்தன் கரைக்கு வருவோம். வழிகாட்டி கல்லைக் காட்டிய பிறகு அந்த இரண்டு பேரும் பெட்டியைத் திரும்பத் திறக்கிறார்கள். ஆரஞ்சையும் மினுமினுப்பையும் விட்டுவிட்டு, மூலையில் கிடந்த, மங்கலான பழுப்பு நிற ஃபெசன்ட் டெயிலை எடுக்கிறார்கள். கல்லில் ஊரும் பூச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அளவு சரி. ஒல்லியான உடம்பும் சரி.

“டேய், இது இவ்வளவு நேரம் இங்கேதான் இருந்துச்சா?”

இருந்தது. இன்றைக்கு அவர்களுக்கு மீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் இனி அடுத்த ஈயை எடுக்கும் முன் அவர்கள் பெட்டியைப் பார்க்க மாட்டார்கள், தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் போதும்.